ஓடத்தைச் சுமந்தவர்கள்

ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டி ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறிமாறி வருவன என்று ஒருவரை ஒருவர் தேற்றுவதற்கே அது பெரும்பாலும் பயன்படுகின்றது. ஆயின் அப்பழமொழியை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, ஓடம் வண்டியில் ஏறியபோது அந்த வண்டியை இழுத்தவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி யாது, அந்தச் செலவை ஈற்றில் ஏற்றுக்கொண்டவர் யார் என்று நாம் கேட்போமானால், பள்ளிக்கூடச் சரித்திர நூல்களில் இடம்பெறாத ஒரு வரலாறு நம் முன்னே விரியக் காண்போம்.

நீரின்மேல் மிதக்கும்வரை ஓடத்தின் பாரம் மனிதனுக்குத் தெரிவதில்லை. அதனை நீரே சுமக்கின்றது. பல தொன் எடையுள்ள வள்ளத்தையும் அமைதியான களப்பிலே ஒருவர் மரக்கோலை ஊன்றித் தள்ளிச் சென்றுவிடலாம். அதே வள்ளத்தைக் கரையிலேற்றி அப்பால் கொண்டுசெல்ல வேண்டுமாயின், அதன் எடையின் ஒவ்வோர் இறாத்தலும் ஏதோவொரு முதுகையோ தோளையோ தலையையோ தேடி அமர்ந்துகொள்கின்றது. மேட்டிலே அப்பாரம் கூடுகின்றது. சேற்றிலே மேலும் கூடுகின்றது. எனவே படகொன்றை நிலவழியே கொண்டுசெல்லும் செலவைக் கணக்கிட முனைவோர், பாரத்தை யார்மீது ஏற்றுவது என்னும் வினாவையே முதலிலே தீர்க்கவேண்டியவராகின்றனர்.

இவ்வினா மிகப் பழையது. கிறித்துவுக்கு முன் 600ஆம் ஆண்டளவிலே கிரேக்கர் கொறிந்துப் பூசந்திக்குக் குறுக்கே கல் பாவிய பாதையொன்றை அமைத்து, கடலைச் சுற்றிச் செல்லும் ஆபத்தைத் தவிர்ப்பதற்காகக் கலங்களை அதன்மேல் இழுத்துச் சென்றனர். 1453ஆம் ஆண்டு ஏப்பிரில் 22ஆந் திகதி, துருக்கிய சுல்தான் இரண்டாம் மெகமெத், எழுபது வரையான கப்பல்களைக் கொழுப்புப் பூசிய மரங்களின்மேல் இழுப்பித்து, கலாத்தா மேட்டைக் கடந்து, கொன்ஸ்தாந்திநோப்பிளின் பொற்கொம்புத் துறைக்குள் இறக்கினான். அந்தக் கப்பல்களின் தொகை எழுபதா அதற்குக் குறைவா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். அவற்றை இழுத்தவர்களின் தொகையைப் பற்றி வாதிடுவோர் அரியர்.

எனினும் இவை சில மைல் தூரத்து இழுவைகளே. ஐரோப்பியர் கண்டங்களைக் கடந்து சென்று, பிறர் நாட்டு ஆறுகளையும் ஏரிகளையும் கைக்கொள்ள முற்பட்ட பின்னரே, கப்பலை நிலத்தில் ஏற்றும் தொழில் அதன் முழுக் கொடுமையையும் காட்டிற்று. அத்தகைய நான்கு பயணங்களை இங்கு ஆராய்வோம்.

1

1513ஆம் ஆண்டிலே ஸ்பானியனான வாஸ்கோ நூனெஸ் டி பல்போவா பனாமா பூசந்தியைக் கடந்து பசிபிக் சமுத்திரத்தைக் கண்டான். கண்ட கடலில் ஓடுவதற்குக் கப்பல்கள் வேண்டியிருந்தன. அவற்றைக் கட்டும் பொருட்டு அவன் அத்திலாந்திக் பக்கத்து ஆக்லா என்னும் குடியேற்றத்தினருகே மரங்களை வெட்டுவித்து, அறுத்த பலகைகளையும் நங்கூரங்களையும் கயிறுகளையும் மலைக்காட்டுக்கு ஊடாக, பசிபிக் பக்கம் பாயும் ஆறொன்றின் கரைவரை, அந்நாட்டுப் பழங்குடி மக்களின் தோள்களில் ஏற்றி அனுப்பினான். கரையிற் சேர்ந்தபோது மரங்கள் புழுவரித்துப் பயனற்றுப் போயிருந்தன. மீண்டும் வெட்டினர், வெட்டியவற்றுட் பலவற்றை ஆற்றுவெள்ளம் கொண்டுபோயிற்று. பல்போவா தளர்ந்தானல்லன். ஈற்றிலே கப்பல்கள் நீரில் இறங்கின. 1519ஆம் ஆண்டில், ஆளுநனாயிருந்த தன் மாமனாலேயே அவன் சிரச்சேதம் செய்விக்கப்பட்டான்.

சரித்திர நூல்கள் அவனது விடாமுயற்சியைப் புகழ்வன. அந்த விடாமுயற்சியின் விலையைப் பாதிரியாரான லாஸ் காசாஸ் தமது வரலாற்றிலே பதிந்து வைத்தார். அவ்வேலையில் மாண்ட பழங்குடி மக்களின் தொகை ஐந்நூறு என்று ஒப்புக்கொள்ளப்பட்டதாயினும், உண்மையில் அது இரண்டாயிரத்தை எட்டும் என்பது அவர் தரும் செய்தி.

இங்கே நாம் ஒரு கணம் நின்று சிந்திக்கவேண்டும். பனாமாவின் இரு பக்கமும் காடே. பசிபிக் கரையிலும் மரங்கள் வளர்ந்தே நின்றன. இருந்தும் மரத்தை ஒரு கடலோரத்தில் வெட்டி மறு கடலோரத்துக்குச் சுமப்பிக்கும் எண்ணம் அவனுக்கு எவ்வாறு தோன்றிற்று? ஒவ்வொரு பலகைக்கும் அவன் தன் பையிலிருந்து கூலி எண்ணிக் கொடுக்கவேண்டியிருந்திருப்பின், முதற் சுமை புறப்படுமுன்னரே அதன் மடமை அவனுக்கு விளங்கியிருக்கும். புழுவரித்த மரத்துக்காக இரண்டாம் முறையும் ஆளனுப்பத் துணிந்திருக்க மாட்டான். பிறரது உழைப்பு விலையின்றிக் கிடைக்குமிடத்தே வீண் செலவென்று ஒன்றில்லை. பல்போவாவின் கப்பல்கள் நமக்குத் தரும் முதற் பாடம் இதுவே.

2

மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்தன. தென்னமெரிக்க நாடுகள் ஸ்பானிய ஆட்சியினின்றும் விடுபட்டுவிட்டன. 1861ஆம் ஆண்டிலே பெரு நாட்டின் சனாதிபதி றமோன் காஸ்தில்லா, தித்திக்காக்கா ஏரியிற் செலுத்துவதற்கென இரண்டு இரும்புப் படகுகளை இங்கிலாந்திற் செய்விக்கக் கட்டளையிட்டார். பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையே கிடக்கும் அந்த ஏரி, கடல்மட்டத்திலிருந்து 12,500 அடி உயரத்தில் உள்ளது. அங்கு செல்லும் ஆறு எதுவும் கடலிலிருந்து ஏறுவதில்லை. படகுகள் மலையேறியே வரவேண்டியிருந்தன.

பேர்மிங்காமிலிருந்த ஜேம்ஸ் வாட் நிறுவனத்தார் இவ்வேலையை ஏற்றனர். உடற்பகுதிகள் தேம்ஸ் நதிக்கரை இரும்புக் கப்பற்றளத்திலே உருவாயின. ‘யவாரி’, ‘யபுரா’ எனப் பெயரிடப்பட்ட அவ்விரண்டு கலங்களும் 2,766 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, 1862ஆம் ஆண்டிலே பசிபிக் கரையிலுள்ள அரிக்காத் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. ஒரு துண்டின் எடை மூன்றரை அந்தருக்கு மேற்படலாகாது என்பது கட்டளை. ஏனெனில் ஒரு கோவேறு கழுதை மலைப்பாதையிற் சுமக்கக்கூடிய எல்லை அதுவே. இந்த விபரம் நம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. இங்கிலாந்தின் வரைபட மேசையிலே ஒரு கப்பலின் தகடும் தறையாணியும் எத்துணைப் பெரிதாயிருக்கலாம் என்பதை, ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த ஒரு விலங்கின் முதுகு தீர்மானித்தது. சுமக்கும் உடலின் அளவு கப்பலின் உடலிலே பொறிக்கப்பட்டது.

அரிக்காவிலிருந்து தக்னாவுக்கு நாற்பது மைல் தூரம் புகையிரதப் பாதை இருந்தது. அதற்கப்பால் இருநூறு மைலுக்கு மேற்பட்ட மலைவழி. 15,000 அடிக்கு மேற்பட்ட கணவாய்களைக் கடக்கவேண்டும். மூச்சுவிடுவதே அங்கு ஒரு வேலை. கோவேறு கழுதைகளும் அவற்றை ஓட்டியவர்களும், கழுதையின்மேல் ஏற்ற முடியாதவற்றைச் சுமந்த இந்திய குலத்து மக்களும் இப்பாதையில் நடந்தனர். ஆறு மாதங்களில் முடியும் என்று மதிப்பிட்ட வேலை ஆறு ஆண்டுகள் நீண்டது. ஒப்பந்தக்காரர் இடையிலே கைவிட்டார். தகடுகளும் சட்டங்களும் தக்னாவுக்கும் புனோவுக்கும் இடையே வழிநெடுகச் சிதறிக் கிடந்தன. ஸ்பெயினுடன் யுத்தம் மூண்டது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே அரிக்காவைப் பூமியதிர்ச்சி அழித்தது. ஒருவாறு துண்டுகள் புனோவிற் சேர்ந்து, 1869ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று ‘யவாரி’யின் ஏரா வைக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அது ஏரியில் இறங்கிற்று. நிலக்கரியை அந்த உயரத்துக்கு ஏற்றும் செலவு தாங்கமாட்டாமையால், அதன் கொதிகலனுக்கு உலர்ந்த லாமா எருவே எரிபொருளாயிற்று.

இந்தச் செலவை மேற்கொண்டவர் யார்? பெரு அரசாங்கம் என்பது எளிய விடை. ஆனால் அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அக்காலத்துப் பெருவின் கருவூலத்தை நிரப்பியது கடற்பறவைகளின் எச்சமாகிய குவானோ உரம். அதனைச் சின்ச்சாத் தீவுகளிலே வெட்டி எடுத்தவருட் பெருந்தொகையினர், ஒப்பந்தம் என்ற பெயரால் அடிமைகளைப்போற் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர். 1849க்கும் 1874க்கும் இடையே ஏறத்தாழ ஓர் இலட்சம் சீனர் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். எனவே மலையேறிய இரும்பின் விலையிலே, மலையை ஒருபோதும் காணாத சீனத் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருந்தது.

இன்னுமொன்றையும் நாம் நோக்கவேண்டும். பழங்குடி மக்கள்மீது ஸ்பானியர் காலந்தொட்டு விதிக்கப்பட்டு வந்த தலைவரியை 1854ஆம் ஆண்டில் நீக்கியவரும் இதே காஸ்தில்லாவே. 1866ஆம் ஆண்டிலே, கருவூலம் வறண்ட நிலையில், பின்வந்த ஆட்சியினர் அதனை வேறு பெயரால் மீண்டும் கொணர்ந்தனர். அவ்வரிக்கெதிராகத் தித்திக்காக்காவின் வடகரையிலுள்ள ஹுவங்கானேப் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்காக வாதாடித் தலைமை தாங்கிய ஹுவான் புஸ்தமந்தே 1868ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே கொல்லப்பட்டார். கப்பற்றுண்டுகள் புனோவை நோக்கி வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள், அதே ஏரி. தம் நிலத்தின் விளைவுக்கும் உழைப்புக்கும் மேலாகத் தலைக்கும் வரி கேட்ட அரசு, அவர்களது ஏரியிலே பீரங்கிப் படகுகளை மிதக்கவிட முயன்றுகொண்டிருந்தது. ஒப்பந்தப் பத்திரத்திலே இவற்றுக்கு ஒரு வரியும் இல்லை.

1874ஆம் ஆண்டிலே புகையிரதம் புனோவை அடைந்தது. பின்னர் வந்த பெரிய கப்பல்கள் தண்டவாளத்தின்மேல் வந்து சேர்ந்தன. மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தால் கழுதைகளும் மனிதரும் பட்ட துன்பத்தைத் தவிர்த்திருக்கலாமே எனத் தோன்றலாம். ஆனால் தண்டவாளத்துக்கும் ஒரு விலை உண்டு. அதனைக் கொங்கோவிற் காண்போம்.

3

ஜோசெப் கொன்றாட் எழுதிய ‘இருளின் இதயம்’ என்னும் நாவலை நம் வாசகருட் பலர் படித்திருப்பர். மாபெரும் ஆற்றிலே எதிர்நீச்சலிட்டுச் செல்லும் ஒரு சிறு நீராவிப் படகின் கதை அது. கொன்றாட் 1890ஆம் ஆண்டில் ‘ருவா தே பெல்ஜ்’ என்னும் அத்தகைய படகிலே கொங்கோ நதியிற் பணிபுரிந்தவர். அந்தப் படகு அவ்விடத்துக்கு எவ்வாறு வந்தது என்று நாம் கேட்பதில்லை. ஆற்றிலே நிற்பதனால் ஆற்றின் வழியே வந்ததென்று கொள்கின்றோம். உண்மை அதுவன்று.

கொங்கோ நதி உள்நாட்டிலே ஸ்டான்லிக் குளம் எனப்பட்ட அகன்ற நீர்ப்பரப்புக்கு மேலே ஆயிரம் மைல் தூரம் தடையின்றி ஓடுவது. குளத்துக்குக் கீழேயோ, கடலை நோக்கி இறங்கும் இருநூறு மைலுக்கு மேற்பட்ட தூரமும் அடுக்கடுக்கான நீர்வீழ்ச்சிகள். எந்தக் கலமும் அவற்றில் ஏற முடியாது. மேலேயுள்ள ஆயிரம் மைலைக் கைப்பற்றுபவன் மத்திய ஆபிரிக்காவைக் கைப்பற்றுவான். ஆனால் அதற்குரிய படகை இருநூறு மைல் நிலத்தின்மேல் தூக்கிச் செல்லவேண்டும்.

பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட் இவ்வேலைக்கு ஸ்டான்லியை அமர்த்தினான். 1879ஆம் ஆண்டில் ஆற்று முகத்துவாரத்தை அடைந்த ஸ்டான்லி, பாறைகளை உடைத்துப் பாதை வெட்டுவித்து, சிறு நீராவிப் படகுகளை வண்டிகளில் ஏற்றி இழுப்பித்தான். 1881ஆம் ஆண்டின் முடிவிலே ‘ஆன் அவான்’ என்னும் படகு குளத்தில் மிதந்தது. பாறை உடைப்பவன் எனப் பொருள்படும் ‘புலா மத்தாரி’ என்ற பெயர் ஸ்டான்லிக்கு வழங்கிற்று. பின்னாளிலே கொங்கோ மக்கள் அப்பெயராலேயே குடியேற்ற அரசையும் குறிக்கலாயினர். சம்மட்டி பிடித்துப் பாறைகளை உடைத்தவர்களோ சான்சிபார்க் கூலியாட்களும் அவ்வூர் மக்களும் ஆவர்.

வண்டிகளால் எல்லாம் ஆகவில்லை. பின்வந்த படகுகளிற் பல துண்டுதுண்டாக மனிதத் தலைகளிலேயே சென்றன. தேம்ஸ் நதிக்கரையில் தோர்னிகிறொப்ற் தளத்திலே கட்டப்பட்ட ‘பீஸ்’ என்னும் பாதிரிமாரின் படகு, ஆளொன்றுக்கு ஏறத்தாழ 65 இறாத்தலாக எண்ணூறு வரையான சுமைகளாய்ப் பிரிந்து சென்றது. அதனைப் பொருத்துவதற்கென அனுப்பப்பட்ட பொறியியலாளர்கள் நோயுற்று மாளவே, கிரென்பெல் என்னும் பாதிரியார் தாமே முன்னின்று 1884ஆம் ஆண்டில் அதனைப் பொருத்தி மிதக்கவிட்டார். ‘பீஸ்’ என்றால் சமாதானம். நல்லெண்ணத்தோடு வந்த படகும் பிறர் தலைமேலேயே வந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அரசின் பெரிய படகுகளுக்கோ மூவாயிரம் சுமைகள் வரை தேவைப்பட்டன.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மூவாயிரம் சுமைகள் என்றால் மூவாயிரம் மனிதர். மத்தாடித் துறையிலிருந்து குளம்வரை நடக்க ஒருவருக்கு இருபது நாட்கள் எனக் கொள்வோம். ஒரு படகுக்கு அறுபதினாயிரம் மனித நாட்கள். ஒருவர் தனித்து அவ்வேலையைச் செய்வதாயின் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற் செல்லும். இது நடந்த நாட்கள் மட்டுமே. திரும்பி வந்த நாட்களையும், உழப்படாது கிடந்த தோட்டங்களையும், காவலாளரின் கசையடிகளையும், வழிநெடுகக் கிராமங்களிற் பறிக்கப்பட்ட உணவையும் அது உள்ளடக்கவில்லை. ஆட்பிடிக்கு அஞ்சி மக்கள் காடுகளுக்குள் ஓடியதனால், பாதையோரக் கிராமங்கள் பல வெறிச்சோடின.

பெல்ஜிய செனற் சபை உறுப்பினரான எட்மண்ட் பிக்கார் 1896ஆம் ஆண்டில் இப்பாதையிற் சென்றார். மெலிந்து நோயுற்ற உடல்களோடு, அரையில் ஒரு கந்தையோடு, சுமையின் கீழ்த் தள்ளாடிச் செல்லும் மனிதரின் முடிவற்ற வரிசைகளை அவர் கண்டார். வழியிலே விழுந்து இறந்தவர் சிலர். நடையை முடித்துத் தம் கிராமத்துக்குத் திரும்பி, களைப்பினால் இறந்தவர் சிலர் என அவர் எழுதினார். அவர் குடியேற்ற ஆட்சியின் பகைவரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 1891ஆம் ஆண்டிலே லெமாரினெல் என்னும் மாவட்ட அதிகாரி, புதிய நிலையமொன்றை அமைப்பதற்காக முந்நூறு சுமைகாவிகளை அறுநூறு மைலுக்கு மேல் நடத்திச் சென்றான். அவருள் ஒருவரேனும் திரும்பவில்லை.

சுமைகாவிகளின் துன்பத்தைத் தீர்ப்பதற்கே புகையிரதம் என்று லியோபோல்டின் ஆட்கள் கூறினர். 1890ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. முதற் பதினான்கு மைலுக்கு மூன்று ஆண்டுகள் சென்றன. மேற்காபிரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1892ஆம் ஆண்டிலே ஹொங்கொங்கிலிருந்தும் மக்காவோவிலிருந்தும் 540 சீனர் வந்தனர்; அவருள் 300 பேர் இறந்தனர் அல்லது காட்டுக்குள் ஓடினர். 1898ஆம் ஆண்டிலே 240 மைல் நீளமான பாதை முற்றுப்பெற்றது. வெள்ளையர் 132 பேரும் ஏனையோர் 1,800 பேரும் இறந்தனர் என்பது உத்தியோகபூர்வமான கணக்கு. ஒவ்வொரு சிலிப்பர்க் கட்டைக்கும் ஓர் ஆபிரிக்கனின் உயிர், ஒவ்வொரு தந்திக் கம்பத்துக்கும் ஒரு வெள்ளையனின் உயிர் என்பது அவ்விடத்து மக்களின் கணக்கு. மக்களின் கணக்கு மிகைப்பட்டிருக்கலாம். அரசின் கணக்கு குறைபட்டிருத்தல் திண்ணம்.

புகையிரதம் வந்தபின் மூன்று வார நடை இரண்டு நாட் பயணமாகச் சுருங்கிற்று. படகுகளை மேலேற்றும் செலவு வீழ்ந்தது, படகுகள் பெருகின. அவை ஆற்றின் மூலை முடுக்குகளெல்லாம் சென்று எதைக் கொண்டுவந்தன? இறப்பரையும் தந்தத்தையும் கொண்டுவந்தன. இறப்பர் சேர்க்க மறுத்தவர்களின் கைகள் வெட்டப்பட்ட காலம் அது. சுமையை இறக்கிவைத்த அதே மக்களின் முதுகிலே அதனினும் பெரியதொரு சுமை ஏறியது.

இவ்வுண்மையை வெளிப்படுத்தியவர் ஒரு கணக்கேட்டைச் சரியாகப் படிக்கத் தெரிந்த மனிதர் என்பது நமக்கு உவகை தருவது. லிவர்ப்பூலிலுள்ள எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பற் கம்பனியின் இலிகிதராகிய எட்மண்ட் மொறெல், 1890களின் பிற்பகுதியிலே அன்ற்வேப் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளை ஆராய்ந்தார். கொங்கோவிலிருந்து வரும் கப்பல்களிற் பெறுமதிமிக்க இறப்பரும் தந்தமும் நிறைந்திருந்தன. திரும்பிச் செல்லும் கப்பல்களிலோ பெரும்பாலும் துப்பாக்கிகளும் தோட்டாக்களும். விலையாக எதுவும் செல்லாத இடத்திலிருந்து பண்டம் வருமாயின், அது பறித்தெடுத்த பண்டமன்றி வேறென்ன? மொறெல் வேலையைத் துறந்தார், பேனாவை எடுத்தார். 1904ஆம் ஆண்டில் கொங்கோ சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. 1908ஆம் ஆண்டில் லியோபோல்ட் தன் தனிச்சொத்தாக வைத்திருந்த கொங்கோவைப் பெல்ஜிய அரசிடம் கைவிட நேர்ந்தது. ஆட்சி கைமாறியதேயன்றி அடிமைத்தளை அறுந்துவிடவில்லை. அதற்கு 1960ஆம் ஆண்டு வரை அம்மக்கள் போராடவேண்டியிருந்தது.

4

முதலாம் உலக யுத்தம் வந்தது. ஆபிரிக்காவைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் அப்பங்குகளுக்காகத் தம்முட் பொருதினர். நானூறு மைல் நீளமான தங்கனீக்கா ஏரியின் ஒரு கரை ஜேர்மனியருக்கும் மறு கரை பெல்ஜியருக்கும் உரியதாயிருந்தது.

ஜேர்மனியர் 1913ஆம் ஆண்டிலே பப்பன்பேர்க் நகரிற் கட்டுவித்த ‘கிராவ் வொன் கொட்சன்’ என்னும் பெரிய கப்பலை ஐயாயிரம் பெட்டிகளிலே அடைத்துத் தார் எஸ் சலாமுக்கு அனுப்பி, அங்கிருந்து புதிய புகையிரதப் பாதைவழியே ஏரிக்கரையிலுள்ள கிகோமாவுக்குக் கொணர்ந்து பொருத்தினர். 1915ஆம் ஆண்டு பெப்புருவரியில் அது நீரில் இறங்கிற்று.

இதற்கு விடையாகப் பிரித்தானியர், ‘பீஸ்’ படகைக் கட்டிய அதே தோர்னிகிறொப்ற் நிறுவனத்தார் கட்டிய, நாற்பதடி நீளமான ‘மீமீ’, ‘தூத்தூ’ என்னும் இரண்டு விசைப்படகுகளை அனுப்பினர். அவை பிரிக்கப்படாமல் முழு உருவிலேயே சென்றன. கேப்ரவுணிலிருந்து புகையிரதத்திற் கட்டங்காவுக்குச் சென்று, புங்குருமே என்னுமிடத்திலிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது மைல் காட்டையும் ஆறாயிரம் அடி உயரமான மிதும்பா மலைகளையும் நீராவி இழுவை இயந்திரங்களாலும் மாட்டுச் சோடிகளாலும் கடந்தன. நூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள் அவற்றுக்காக அமைக்கப்பட்டன. மனித முதுகின் காலம் முடிந்து இயந்திரத்தின் காலம் வந்துவிட்டதென்று எண்ணத் தோன்றும். ஆனால் நீராவி இயந்திரம் தண்ணீர் குடிப்பது. நீரற்ற காட்டிலே அந்த இயந்திரங்கள் தாகத்தால் நின்றபோது, அயற்கிராமத்துப் பெண்கள் குடங்களைத் தலையிலேற்றிப் பல மைல் நடந்து நீர் வார்த்தனர். இயந்திரம் படகை இழுத்தது. அந்த இயந்திரத்தையும் தலைகளே தாங்கின.

1915ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி அப்படகுகள் ஜேர்மனியரின் ‘கிங்கானி’யைக் கைப்பற்றின, மறு பெப்புருவரியில் இன்னுமொன்றை மூழ்கடித்தன. 1916ஆம் ஆண்டு யூலையில் ஜேர்மனியர் தம் பெரிய கப்பலைத் தாமே நீரில் அமிழ்த்திவிட்டுப் பின்வாங்கினர். இந்நிகழ்ச்சிகளின் சாயலிலே ‘ஆபிரிக்க ராணி’ என்னும் ஆங்கில நாவல் 1935இல் எழுந்தது. 1951இல் அது புகழ்பெற்ற திரைப்படமாயிற்று. அப்படத்தின் தொடக்கத்திலே ஒரு கிராமத்து மக்கள் படையினராற் பிடித்துச் செல்லப்படுகின்றனர். அதன்பின் கதை அவர்களைத் தேடுவதில்லை. வெள்ளையர் இருவரின் காதலும் வீரமும் ஒரு படகுமே எஞ்சுகின்றன.

அப்பிடிபட்ட மக்களுக்கு என்னாயிற்று? கிழக்காபிரிக்கப் போர்க்களத்திலே பிரித்தானியத் தரப்பில் மட்டும் பத்து இலட்சம் வரையான ஆபிரிக்கர் சுமைகாவிகளாகச் சேர்க்கப்பட்டனர். பதிவேடுகளின்படியே அவருள் ஏறத்தாழ 95,000 பேர் மாண்டனர். துப்பாக்கிக் குண்டால் மாண்டவர் சிலரே. பட்டினியும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் களைப்புமே ஏனையோரைக் கொண்டுபோயின. படகுகளின் பயணம் அப்பெரும் சுமையில் ஒரு சிறு பகுதி.

5

நான்கு பயணங்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து நமக்குப் புலனாவது யாது? படகை நிலவழியே கொண்டுசெல்வதன் செலவு, தூரத்தையும் எடையையும் மட்டும் பொறுத்ததன்று. சுமப்பவன் ‘முடியாது’ என்று சொல்லக்கூடியவனா என்பதையே அது பெரிதும் பொறுத்தது. அவன் மறுக்கக்கூடியவனாயின் கூலி உயரும். கூலி உயர்ந்தால் நல்ல பாதையும் சிறந்த வண்டியும் தேடப்படும். வீணான பயணம் நிறுத்தப்படும். அவன் மறுக்க முடியாதவனாயின் செலவு ஏட்டிலே குறையும். ஏட்டிற் குறைந்தது மறைந்துவிடுவதில்லை. அது ஒரு கிராமத்தின் பட்டினியாகவும், ஒரு தாயின் காத்திருப்பாகவும், பாதையோரத்து எலும்பாகவும் வேறிடத்தில் எழுதப்படுகின்றது. மலிவு என்று நாம் காணும் பலவும் இவ்வாறு வேறொருவர் செலுத்திய விலையே.

இதனால் இயந்திரத்தையும் புகையிரதத்தையும் நாம் வெறுக்கவேண்டும் என்பதன்று. மனிதன் தலைச்சுமையினின்றும் விடுபடுதல் நன்றே. ஆனால் பாதை யாருக்காக அமைகின்றது, அதன்வழியே செல்வது எது, திரும்பி வருவது எது என்று கேளாதவரை, புதிய பாதையும் பழைய சுமையையே விரைவாகக் கொண்டுசெல்லும். மொறெல் கேட்டது இக்கேள்வியையே. அதற்கு வேண்டியிருந்தது பெரும் புலமையன்று. ஏட்டின் இரு பக்கங்களையும் ஒருங்கே படிக்கும் நேர்மை.

‘யவாரி’ பிற்காலத்திலே செப்பனிடப்பட்டுப் புனோவிலே காட்சிக் கப்பலாயிற்று. அமிழ்த்தப்பட்ட ஜேர்மன் கப்பல் 1924ஆம் ஆண்டில் மேலெடுக்கப்பட்டு, ‘லியெம்பா’ என்னும் புதிய பெயருடன் பல பத்தாண்டுகள் தங்கனீக்கா ஏரியிலே மக்களையும் பண்டங்களையும் ஏற்றியது. அவற்றைக் கட்டிய தளங்களின் பெயர்களும், கட்டளையிட்டவர்களின் பெயர்களும், தலைமை தாங்கிய அதிகாரிகளின் பெயர்களும் நமக்குத் தெரியும். சுமந்தவர்களுக்குத் தனித்தனிப் பெயர் எழுதிவைப்பார் இலர்.

ஆயினும் மக்களின் நாவு ஏட்டைவிட நெடுங்காலம் நினைவிற் கொள்வது. தார் எஸ் சலாம் நகரத்தின் பெருஞ் சந்தை அமைந்துள்ள பகுதிக்குக் கரியாக்கோ என்று பெயர். நைரோபியிலும் கரியாக்கோர் என ஒரு பகுதி உண்டு. யுத்தகாலத்திலே சுமைகாவிகளின் படையணி தங்கிய இடங்கள் அவை. அப்படையணியின் ஆங்கிலப் பெயரே மக்களின் வாயில் இவ்வாறு திரிந்து ஊர்ப்பெயராயிற்று. நாள்தோறும் அங்கு காய்கறியும் துணியும் விற்போரும் வாங்குவோரும் அறிந்தோ அறியாமலோ அந்தப் பெயரை உச்சரிக்கின்றனர். ஓடம் வண்டியேறிய கதைகளை இனிப் படிக்கும்போது, அந்தப் பெயரையும் சேர்த்தே நாம் படிப்போமாக.